திருவிருந்துக் கிண்ணம்

ராபர்ட்சன்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ஐசக்குக்கு, அக்கா ஃபிரான்சினா எழுதுவது.

குடியை விட வைக்கும் அந்த விடுதியில் உன்னைச் சேர்த்த அன்று நர்ஸ் என்னிடம் கேட்டாள்: "ஒரு வருஷமா குடியத் தொடாத மனுஷன். இந்தத் தடவை முதல் வாய் யார் குடுத்தது, டீச்சர்?" "தெரியலையேம்மா" என்றேன். பக்கத்து நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பொய்யோடுதான் பஸ் ஏறினேன்.

இங்கே எல்லாரும் சுகம். பழம் பொதியும் கொட்டகையில் உன் மகள் லெவோனாவின் வேலை நிலைத்துவிட்டது. உன் பேரனுக்குப் பல் முளைக்கிறது, கண்டதையெல்லாம் கடிக்கிறான். "அப்பா வரட்டும் அத்தை. ஆனா மறுபடி குடிச்சிட்டு வந்தா கதவு திறக்க மாட்டேன். நீங்க சொன்னாலும்தான்" என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பெரிய வெள்ளியன்று ஊருக்குள் இருக்கும் வெள்ளைக்காரச் சபை முதன்முறையாக நம்மோடு வந்து உட்கார்ந்தது. உன் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். நம் கோயிலில் திருவிருந்துக்கு இன்றும் எல்லாருக்கும் ஒரே கிண்ணம், அசல் திராட்சை மது. அது உன்னிடம் வந்தபோது நீ கையை நீட்டவில்லை. எதிர் வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தொடவே பயப்படுகிறான் பார், இந்தக் கலப்பின ஜனங்களில் ஆம்பிளை என்றாலே குடிகாரன்தான்' என்று அவள் நினைப்பதாக எனக்குப் பட்டது. அவள் தன் மூக்குக்கண்ணாடியைத்தான் தேடிக்கொண்டிருந்தாளோ என்னவோ. நான் உன் காதில், "மானத்த வாங்காதடா, ஒரு வாய் குடி" என்றேன். குடித்தாய். மறுநாள் காலை உன்னைக் கால்வாய் ஓரத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

நம் சின்ன வயதில், திராட்சைத் தோட்டத்தில் அப்பாவின் கூலியில் ஒரு பங்கு மதுவாகவே வரும். துரை தகரக் குவளையை நீட்டி, "குடிடா, குளிருக்கு நல்லது" என்பான். ஒருநாள் அப்பா வேண்டாம் என்றதற்கு, "என் சரக்கு உன் தொண்டையில இறங்காதோ? அப்ப நாளைக்கு வராதே" என்றான். குடியிருந்த வீடும் அவனுடையது. அதன்பின் நம் வீட்டில் யாரும் நீட்டியதை மறுத்ததில்லை. பதினான்கு வயதில் அந்தக் குவளை உன் கைக்கும் வந்தது.

பென்சிலைத் தப்பாகப் பிடித்துப் பழகிய பிள்ளை ஒருநாள் சரியாகப் பிடித்தால், அந்த நேரத்தில் அதன் கையைத் தட்டிவிடக் கூடாது. வகுப்பில் ஒருநாளும் நான் அப்படித் தட்டிவிட்டதில்லை. கோயிலில் உனக்கு அதைச் செய்துவிட்டேன்.

நேற்று நர்ஸைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். லெவோனாவிடமும் சொன்னேன். "நீங்களா, அத்தை?" என்றாள். பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கேட்டால் உடனே சரி என்பாய். கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உனக்குப் பிடித்த, பாகில் ஊறிய பின்னல் பலகாரம் கொண்டுவருவேன். நான் நீட்டும்போது, "வேண்டாம் அக்கா" என்று சொல்லிப் பார். காரணம் சொல்லாதே. நான் வற்புறுத்துவேன். அப்போதும் சொல்.

உன் அக்கா,
ஃபிரான்சினா