நீ போட வந்த கையெழுத்து

வக்குவா, காவடிக்கு முந்தின வாரம், 1991

என் செல்லத்துக்கு,

நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று சின்ன வாக்கியங்களாக எழுதுகிறேன். புரியாவிட்டால் தமிழ் டீச்சரிடம் கேள். அப்பாவிடம் வேண்டாம்.

காவடி விரதத்துக்கு உன் சட்டியைத் தனியாகத் தேய்த்துத் தெய்வானை அத்தை வீட்டில் வைத்திருக்கிறேன். அப்பாவோடு இப்போது இருக்கிற அந்தப் பெண்ணின் வீட்டில் மீன் வேகாத நாள் இல்லை; விரதம் முடியும்வரை அத்தையிடமே சாப்பிடு. பால் செம்பைத் தலையில் வைத்துக் கோயிலுக்கு நடக்கும்போது தார் ரோடு சுடும். ஒவ்வொரு வருஷமும் உனக்கு முன்னால் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவேன். இந்த வருஷம் அத்தை ஊற்றுவாள்.

நான் இந்தியாக்காரி. அப்பா கையெழுத்துப் போட்டால்தான் இந்தத் தீவு நாட்டில் இருக்கலாம், இனி போடமாட்டாராம். நீ இங்கே பிறந்தவள். உன்னை யாரும் போகச் சொல்ல முடியாது. என்னோடு அனுப்பவும் அப்பா சம்மதிக்கவில்லை.

பாஸ்போர்ட் ஆபீஸில் நீ அந்த அதிகாரியிடம் இந்த ஊர்க் கிரியோல் பேச்சில் சொன்னாய்: "மிஸ்யே, அப்பாவுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடறேன். அம்மா இருக்கட்டும்." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "பெரியவளானதும் வந்து போடு" என்றார்.

நீ இதைப் படிக்கும்போது நான் விமானம் ஏறியிருப்பேன். அழுது முடித்துவிட்டு உன் பெயரை எழுதிப் பழகு. தினமும் எழுது, செல்லம்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டதும் வரப்போகிற
அம்மா