வலது கதிரையிலிருந்து

கிண்ணியா,
ஞாயிற்றுக்கிழமை.

றுவைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று முடிவெடுத்தேன். ஸலாம் கடமை, அதனால் சொல்லிவிட்டேன். 'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் இதைப் பாதியில் கிழிக்காமல் கடைசிவரை வாசி. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். டொரொண்டோவில் நீ ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி இறங்குகிற பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது அது.

சனிக்கிழமைகளில் உன் பக்கத்தில் இருக்கிற பதினேழாம் இலக்கம் நான்தான். கொம்பியூட்டர் சிமியுலேட்டரில் விமானம் ஓட்டுகிற தமிழ் ஆட்களின் அந்தக் குழுவில் பெயர் கேட்பதில்லை, இலக்கம்தான். அது எனக்கு வசதியாக இருந்தது. இங்கே மஃரிப் தொழுகை முடிந்து நான் உட்காரும்போது உனக்கு அங்கே காலை. நீ இடது கதிரையில் கப்டன். நான் வலது கதிரையில். நாலு எஞ்சின் ஹெர்குலிஸ், இராணுவச் சாமான் சுமக்கிற அந்தப் பெரிய வயிற்றுக்காரி, ஒருவர் தனியாக ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டவள் அல்ல. வலது கதிரைக்காரன் செக் லிஸ்டை ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டும், கப்டன் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். இரண்டு பேருடைய கண்ணும் பட்ட பிறகுதான் ஒரு வேலை முடிந்ததாகக் கணக்கு.

உன்னை முதல் நாளே அறிந்துகொண்டேன். பிரேக்கை விடும்போது பிஸ்மில்லாஹ் சொல்லித் தொண்டையைச் செருமுகிறாயே, வகுப்பில் பதில் சொல்ல எழும்பும்போதும் அதே செருமல்தான். நீ என்னை அறியவில்லை. நான் இங்கிலீஷில் செக் லிஸ்ட் வாசிப்பதைத் தவிர அதிகம் கதைப்பதில்லை, அதனால்தான் என்று அப்போது நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால், உன்னில் பிழை பிடிக்கத்தான் அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். பழைய மாணவர்களின் சூம் கூட்டத்தில், சனிக்கிழமைகளில் இந்தக் குழுவில் ஹெர்குலிஸ் ஓட்டுகிறாய் என்று பெருமையடித்துவிட்டு, ஊரில் நின்றவர்கள் எல்லாரும் துருப்பிடித்துப் போனார்கள் என்று பகிடி விட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கில் உன்னைவிட எப்போதும் கூடுதலாகப் புள்ளி எடுத்தவன், எனக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒருவன் அதிபரானதைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறவன், அன்றைக்குக் கமராவை மூடி வைத்துக்கொண்டு இருந்தேன். உன் தரையிறக்கம் எத்தனை கோணல் என்று பார்க்கவேண்டும் என்று அப்போது முடிவுகட்டினேன்.

அதற்கு முந்திய கணக்கு உனக்குத் தெரியும். என் தங்கை ஷாமிலாவுக்கும் உனக்கும் நிக்காஹ் திகதி குறித்து, ஊரெல்லாம் சொல்லி முடிந்த பிறகு, சரிவராது என்று மூன்றாம் ஆளிடம் சொல்லியனுப்பினாய். என்னிடம் நேரே வந்திருக்கலாம். அடித்திருப்பேன், ஆனால் வந்திருக்கலாம். ஷாமிலா இப்போது மூதூரில் நன்றாக இருக்கிறாள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். உன் பேச்சை எடுத்தால் அவள் சிரிக்கிறாள். "அந்தாளைக் கட்டியிருந்தா இப்ப பனியில விறைச்சுக்கிட்டுக் கிடப்பன். விடுங்க காக்கா," என்கிறாள். அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ஒரு வீட்டில் ஒருவராவது நினைவில் வைத்திருக்கவேண்டும்.

நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து இங்கிலீஷ் வாசிப்பதை என் மனைவி நஜ்முன் நிஸா சனிதோறும் பரிகாசம் செய்கிறாள். பிளேனை இறக்கிவிட்டு வந்து சோற்றைத் தின்னுங்கள், கறி ஆறுகிறது என்பாள். பக்கத்தில் யார் என்று அவளுக்கும் சொல்லவில்லை. இங்கே மழை பிந்தித்தான் பிடித்தது. தம்பலகாமத்தில் விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை முதல் பிழை கிடைத்தது. ஹெர்குலிஸில் சில்லை இறக்குகிற லீவர் என் பக்கம். ஆனால் கப்டன் சொல்லாமல் நான் தொடக்கூடாது. நீ சொல்லவில்லை. நான் கேட்டேன். இறக்கியாச்சே என்றாய். சில்லு இறங்கினால் எரியவேண்டிய பச்சை விளக்கு ஒன்றும் எரியவில்லை. நான் சத்தமில்லாமல் லீவரைக் கீழே தள்ளினேன். மனிதன் மறப்பான், அதற்காகத்தானே செக் லிஸ்ட் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த கிழமைகளில் அது வழக்கமாகிவிட்டது. வாசித்து முடித்த பக்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாய். எங்கே போகிறோம் என்று பறந்துகொண்டிருக்கும்போதே கேட்டாய், நான் சொன்ன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாய். குழுவில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிழை தேடி வந்தவன், பிழை கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய புத்தியை என்னவென்று சொல்வது.

உன் கை மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. நேற்று கட்டுநாயக்காவிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு சீனக்குடாவுக்கு வந்தோம். கப்பல்துறைக்கு மேலால் காற்று ஒரு பக்கம் தள்ளத் தள்ள, அத்தனை பாரத்தையும் ஒரு குலுக்கல் இல்லாமல் ரன்வேயில் வைத்தாய். எனக்கு அது வராது. எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். நான் கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கியபோது நீ தமிழில், "கெதியா இறங்கு மச்சான், கடைசிப் பாதை போயிடும்," என்றாய்.

பகிடி என்று நினைத்து உன் சிரிப்புக்குக் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. நீ உண்மையாகவே அவசரப்பட்டாய். சீனக்குடாவில் இறங்கினால் கிண்ணியாவுக்கு வீடு போகத் துறையில் அந்தப் பாதைப் படகைப் பிடிக்கவேண்டும், அது தவறினால் இரவு முழுக்கக் கரையில் நிற்கவேண்டும் என்று. அந்தப் படகு ஓடுவது நின்று எத்தனை காலம். பாலம் வந்த பிறகு நீயே உன் மனைவி ஜுமானாவோடு வந்து, பாலத்தின் நடுவில் நின்று படம் பிடித்துப் போட்டிருந்தாய். எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் போனாய் என்பதால் அந்தப் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு நீ கொஞ்சம் தெளிந்தாய். பதினேழாம் இலக்கத்திடம், யாரோ தெரியாத ஒருவனிடம், கிண்ணியாவில் உனக்கு ஒரு கூட்டாளி இருந்தான் என்று சொன்னாய். துறையில் ஒன்றாக நிற்பீர்களாம், அக்கரையில் பெரிய விமானம் இறங்கினால் படகை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்களாம். பிறகு இப்படிச் சொன்னாய்: "அவன்ட தங்கச்சிக்கு நான் அநியாயம் செஞ்சன். இப்ப அவன்ட பேரு வருகுதில்ல."

நீ நெடுநேரம் தேடினாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மைக் திறந்திருந்தது, ஒரு சொல்லில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஓம் ஓம் என்றிருப்பாய், அது நீ தேடி எடுத்த பெயராக இருக்காது. 

பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு நீ சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. ஒரு பிள்ளையின் வீட்டுத் திருப்பத்தைத் தவறவிட்டு, பஸ் நிறையப் பிள்ளைகளோடு எங்கேயோ சுற்றினாயாம். ரோட்டு வேலை, பனி என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஹெர்குலிஸில் உனக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன். அந்த பஸ்ஸில் வலது கதிரை இல்லை, றுவைஸ்.

அதனால் கேட்கிறேன். இதை வாசித்த நாளே பஸ் ஓட்டுவதை நிறுத்து, திறப்பைத் திருப்பிக் கொடு. டொக்டரிடம் போ, ஜுமானாவையும் கூட்டிக்கொண்டு போ, ஒன்றையும் குறைத்துச் சொல்லாதே. இந்த மறதி ஏதாவது சின்ன வருத்தமாகவும் இருக்கலாம், மருந்துக்கு மாறலாம். அதை டொக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே. நான் ஜுமானாவுக்கே எழுதியிருக்கலாம். மூன்றாம் ஆளிடம் சொல்லியனுப்புவது உன் வழக்கம், என்னுடையதல்ல. குழுவில் எழுதினால் எல்லோரும் பார்ப்பார்கள், அதனால்தான் தபால்.

சனிக்கிழமைப் பறப்பை நிறுத்தவேண்டாம். அங்கே விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் வழக்கம்போல வருவேன்.

என் கோபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதப் பார்த்தேன். அது பொய். இத்தனை வருடம் உன்னோடு கோபமாக இருந்தே வாழ்ந்துவிட்டேன். செய்தவனே மறந்துவிட்டால் நான் யாரோடு கோபமாக இருப்பது?

முதலில் இதன் கீழே என் பெயரை எழுதினேன். பிறகு கடைசித் தாளை மாற்றி எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெயரை நீ எடு. வந்தால் எனக்கு எழுது, திட்டி எழுது, வீடு அதே வீடுதான். எவ்வளவு யோசித்தும் வராவிட்டால் வெட்கப்படாதே. இதை ஜுமானாவிடம் கொடு, அவளுக்கு என் பெயர் தெரியும்.

அல்லாஹ் உன்னையும் அந்தப் பிள்ளைகளையும் தன் காவலில் வைத்துக்கொள்வானாக. உறையின் பின்பக்கத்தில் அனுப்புகிறவர் பெயர் எழுதும் இடத்தையும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். நாளை தபாற்கந்தோர் திறந்ததும் இப்படியே, கையெழுத்துப் போடாமல், அனுப்பப்போகிறேன்.