பிரேமினி எடுக்காத காந்தம்

அனுப்புநர்:
திருமதி விமலேஸ்வரி பரமலிங்கம்,
உதவி ஆசிரியை,
பனிச்சையடி அ.த.க. பாடசாலை,
முள்ளியவளை.

பெறுநர்:
கோட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
கோட்டக் கல்விப் பணிமனை.

விடயம்: மாணவி மரியநேசன் பிரேமினி மீது நான் செய்த முறைப்பாட்டை மீளப் பெறுதலும், என்மீது முறைப்பாடு செய்தலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. ஆண்டு 5 மாணவி பிரேமினி பாடசாலைக் காந்தத்தைக் களவெடுத்தாள் என்று 12.02.1998 அன்று தங்களுக்கு எழுதினேன். அது பொய். அவள் எடுக்கவில்லை. வழமைப்படி இம்மனுவை அதிபர் ஊடாக அனுப்பாததற்குப் பொறுத்தருள வேண்டும். காரணத்தைக் கீழே எழுதியுள்ளேன்.

2. பிரேமினியின் குடும்பம் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்தது. இடம்பெயர்ந்து, இப்போது பாடசாலைக்குப் பின்னாலுள்ள முகாமில் இருக்கிறார்கள். எம்மிடம் இருந்தது ஒரே ஒரு காந்தம்; பழுதான வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து, ஒட்டுமா ஒட்டாதா என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது நான் கொடுத்த வேலை. மற்றப் பிள்ளைகள் ஆணி, சாவி, தேங்காய்ச் சிரட்டை, செப்புக் காசு என்று கொண்டுவந்தார்கள். பிரேமினி தகப்பனிடம் சொல்லிக் கரையிலிருந்து எடுப்பித்த கறுப்பு மணலை ஒரு போத்தலில் கொண்டுவந்தாள். "ஒட்டும்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மணலுக்குள் வைத்தாள். மணல் மயிர்க்கூச்செறிந்ததுபோல் அதில் எழுந்து நின்றது. எனக்குத் தெரியாத ஒன்றை ஒரு முகாம் பிள்ளை காட்டிவிட்டது எனக்கு உள்ளூரச் சுட்டது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

3. அன்று பாடம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "ரீச்சர், ஒருநாளைக்கு மட்டும் தாங்கோ. அப்பாவின்ர தூண்டில் முள்ளு மணலுக்க விழுந்து கிடக்கு, தேடித் தாறன்" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஆனால் அவள் கேட்டது மட்டும் என் மனதில் இருந்தது.

4. 10.02.1998 அன்று என் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, எந்தெந்தப் பாகம் காந்தத்தில் ஒட்டுகிறது என்று பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பித்தேன். நடுவில் விமான இரைச்சல் கேட்டது. எல்லோரையும் பதுங்கு குழிக்குள் இறக்கினேன். அரை மணித்தியாலம் கழித்து ஏறிவந்தபோது காந்தம் இல்லை. கடைசியாக ஏறியவள் பிரேமினி.

5. அவளை மட்டுமே முன்னால் கூப்பிட்டேன். மற்ற நாற்பது பிள்ளைகளில் ஒருவரின் பையையும் நான் திறக்கவில்லை. அவளுடைய பையைக் கொட்டினேன். காந்தம் அதற்குள் இருக்கலாம் என்று மணல் போத்தலையும் நிலத்தில் கவிழ்த்தேன். "நான் எடுக்கேல்லை ரீச்சர்" என்று மூன்று முறை சொன்னாள். பிறகு குந்தியிருந்து அந்த மணலை உள்ளங்கையால் வழித்துப் போத்தலுக்குள் போட்டாள். அதுவரை வகுப்பைப் பார்க்க விட்டு நானும் நின்று பார்த்தேன்.

6. சேதி அறிந்த தகப்பன் மரியநேசன் அன்று பின்னேரம் அவளை அடித்திருக்கிறார். அடி தாங்காமல், காந்தத்தை முகாம் கிணற்றுக்குள் எறிந்துவிட்டதாகப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் கிணற்றில் இறங்கிச் சேற்றை அள்ளித் தேடிவிட்டு, இடுப்பில் ஈரச் சாரத்தோடு பாடசாலைக்கு வந்தார். "மூண்டு தரம் இறங்கிப் பாத்திட்டன் ரீச்சர், கிடைக்கேல்லை. பிள்ளையை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் மன்னிக்கவில்லை. "மாணவியே ஒப்புக்கொண்டாள்" என்று தங்களுக்கு எழுதினேன். அவளைப் பாடசாலையிலிருந்து விலக்கும்படி கட்டளை வந்தது. விடுகைப் பத்திரத்தில் "களவுப் பழக்கம் உடையவர்" என்று எழுதப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு பாடசாலைகள் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டன. இப்போது தாயோடு இறால் விற்கப் போகிறாள்.

7. 16.03.1998 அன்று ரயர் காற்றுப் போனதால் சைக்கிள் திருத்தும் அப்புத்துரையிடம் கொடுத்தேன். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, "என்ன ரீச்சர், சீற்றுக்குக் கீழ காந்தம் வச்சோ ஓடுறியள்?" என்று சிரித்தார். இருக்கையின் சுருள் கம்பியில் அது ஒட்டியிருந்தது. இரைச்சல் கேட்பதற்குச் சற்று முன் அதை அங்கே ஒட்டிக் காட்டியது என் கைதான். முப்பத்துநான்கு நாளாக அந்த முகாம் வாசலால் நானே அதைச் சுமந்து திரிந்திருக்கிறேன். காந்தம் இரும்பில்தான் ஒட்டும் என்று மூன்று கிழமை படிப்பித்தவள், தேடும்போது ஓர் இரும்பையும் தேடவில்லை. ஏழைப் பிள்ளை ஒன்றைத்தான் தேடினேன்.

8. அதிபர் திரு. சிவராசா அவர்களிடம் அன்றே சொன்னேன். "காந்தம் கிடைச்சிட்டுதுதானே, முடிஞ்ச கதையை ஏன் கிளறுறியள்?" என்றார். மேலிடத்துக் கட்டளை இல்லாமல் பத்திரத்தை மாற்ற முடியாது என்றும் கூறினார். ஆதலால் நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

9. மறுநாள் முகாமிலுள்ள பிரேமினி வீட்டாரின் கொட்டிலுக்குப் போனேன். தாய் புனிதம், அங்கிருந்த ஒரே கதிரையை எனக்குப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். தகப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். பிரேமினி, "அப்ப எங்க ரீச்சர் இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டு, வைத்துக்கொள் என்று காந்தத்தை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் ரீச்சர். பிறகும் காணாமப் போகும்" என்றாள்.

10. எனவே தங்களைத் தாழ்மையுடன் வேண்டுவது: விடுகைப் பத்திரத்திலுள்ள அந்தக் குறிப்பை நீக்கி அவளை மீண்டும் சேர்க்கக் கட்டளையிட வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை விண்ணப்பம் 31ஆம் திகதியோடு முடிகிறது. அதற்கு முன் இது நடக்க வேண்டும். என்மீதான விசாரணையைப் பணிமனையில் வைக்காமல், அதே வகுப்பில், அதே நாற்பது பிள்ளைகளுக்கு முன் வைக்க வேண்டும். அவள் நின்ற இடத்தில் நான் நிற்பேன். என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

அவள் களவெடுத்தாள் என்று நான் எழுதியபோது மூன்றாம் நாளே கட்டளை வந்தது. என்னிடம் ஆதாரம் எவரும் கேட்கவில்லை. அவள் எடுக்கவில்லை என்று எழுதும் இக்கடிதத்தையும் ஐயா அவ்வளவு சுலபமாக நம்ப வேண்டும்.

தவறிழைத்த ஆசிரியை,
வி. பரமலிங்கம்

இடம்: முள்ளியவளை
திகதி: 18.03.1998