பாலம் வருது, ஜோம்

பிச்சித்
அக்டோபர் 26

அன்புள்ள பிரணோமுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அக்காவை விசாரித்ததாகச் சொல். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்த வயதில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடியே போய்வந்துவிட்டேன். விபத்தில் போன உயிர் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், யாராவது போய், பாலத்துக்குப் பாலம் கூப்பிட்டுக் கையோடு அழைத்து வர வேண்டும் என்று தகனத்தன்று அழுதாயே. நம் பையனின் வேன் கவிழ்ந்த அந்த மலை வளைவில் துறவி ஒருவர் ஊதுபத்தி ஏற்றி அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். அவனுடைய நீலச் சட்டையை முன்சீட்டில் விரித்து, அவனைக் காரில் ஏற்றிக்கொண்டேன். "பாலம் வருது ஜோம், கடந்து வா." "இப்ப இடப்பக்கம் திரும்புறோம், விட்டுடாதே." வழி நெடுக இதே பேச்சுதான். ஓரிடத்தில் ஜன்னல் திறந்திருந்ததால் எதிரே வந்த லாரிக்காரன் காதில் விழுந்திருக்கிறது. வண்டியை ஒதுக்கி நிறுத்திக் கைகூப்பினான்.

சுற்றுலாக்காரர்களை ஜோம் கூட்டிப்போகும் காபிக்கடைகளில் நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். முதல் கடை மலைமுகட்டில். காலைத் தொங்கப்போட்டு உட்காரப் பலகை அடித்திருக்கிறார்கள். எதிரே ஒரே பனி. ஒன்றுமே தெரியாததைப் பார்க்க பாங்காக்கிலிருந்து வருகிறார்களாம். அடுத்தது பாய் என்கிற ஊருக்கு வெளியே, வயல் நடுவில். மூங்கில் பாலத்தில் நடந்துபோய்க் குடிசையில் உட்கார வேண்டும். நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, அறுக்காமல் வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் படம் எடுக்க வேண்டுமாம். அரிசி ஆலைக்காரன் கண்ணுக்கு அது பொறுக்குமா?

அதற்கப்புறம் எங்கும் நிறுத்தவில்லை. வீடு வந்து சேர்ந்தேன். ஆலை ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வினிட்


திராங்
நவம்பர் 3

ஜோமின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவ்வளவு தூரம் போய்வந்ததற்கு நன்றி. இருமல் எப்படி இருக்கிறது? ஆலைத் தூசியில் நிற்கும்போது துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கோபப்படாமல் படியுங்கள். மூன்று தடவை ஜோம் கனவில் வந்துவிட்டான். முழங்கால் வரை சேறு. "அம்மா, பசிக்குது" என்கிறான். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் பசிக்க வேண்டும்? தினமும் அவன் படத்துக்கு முன்னால் சோறு வைக்கிறீர்கள்தானே?

ஒவ்வொரு பாலத்திலும் கூப்பிட்டீர்களா? கடைகளில் இறங்கும்போது "இறங்கு" என்று சொல்லியிருப்பீர்கள். கிளம்பும்போது "ஏறு" என்று சொன்னீர்களா? கோராட் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் என்னையே விட்டுவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப்போன ஆள் நீங்கள். நான் பின்சீட்டில் தூங்குகிறேன் என்று நினைத்தீர்களாம். அன்றைக்குச் சிரித்தேன். இதில் மறந்திருந்தால் சிரிக்க முடியாது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "வீடு வந்து சேர்ந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்தோம் என்று எழுதவில்லை.

பிரணோம்


பிச்சித்
நவம்பர் 10

பிரணோம்,

மறக்கவில்லை. மறந்திருந்தால் திரும்பிப்போய் அழைத்து வந்திருப்பேன்.

அந்த வயல் கடையில் உட்கார்ந்து சட்டையை எதிர் நாற்காலியில் போட்டேன். கடைக்காரப் பெண் கேட்காமலே இரண்டு தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். சட்டையைப் பார்த்தவள் நகரவில்லை.

"ஐயா, இது ஜோம் அண்ணன் சட்டைதானே?"

"ஆமா. நான் அவன் அப்பன்."

"அப்படின்னா இடம் மாறி உட்கார்ந்திருக்கீங்க. அந்தப் பக்கம் வாங்க. அண்ணன் எப்பவும் சொல்லுவாரு, எங்கப்பா ஒரு நாள் வருவாரு, அவரை மலையைப் பார்த்தாப்ல உட்கார வைக்கணும்னு. வந்ததும் கடையைத் திட்டுவாரு, நீ மனசுல வச்சுக்காதேன்னு வேற சொல்லிவச்சிருந்தாரு."

எழுந்து மாறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

ஆலை வேண்டாம், வேன் ஓட்டுகிறேன் என்றபோது அவனை என்னவெல்லாம் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். காபித் தண்ணிக்கு ஆள் பிடிக்கிற வேலை என்றேன். இனி இந்த வாசல் மிதிக்காதே என்றேன். அவன் போனான், பின்னாலேயே நீயும் போனாய். ஒரே ஒரு தடவை என் கூட வாங்கப்பா, நாலு நாள் பயணம்தான் என்று அவன் கெஞ்சினான். போகவில்லை. அவன் கூப்பிட்ட இடத்துக்கு அவன் சட்டையோடு போனேன்.

கிளம்பும்போது கூப்பிட வாயைத் திறந்தேன். "எழுந்திரு, வண்டியில ஏறு." சின்ன வயதில் அவனை ஆலைக்கு இழுத்துப்போக இதைத்தானே சொல்வேன். சொல்ல வரவில்லை. எதற்குக் கூப்பிடுவது? தவிட்டுக்கும் என் வாய்க்குமா? "உனக்குப் பிடிச்ச இடத்துலயே இருடா" என்று சொல்லி, சட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த பாலங்களில் யாரையும் கூப்பிடவில்லை. அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் இஷ்டப்படி விட்டேன். அதைத் தப்பென்று சொல்லாதே.

வினிட்


பாய்
நவம்பர் 19

ஜோமின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறினேன். ஜோமின் கூட்டாளி ஒருவன் தன் வேனில் இங்கே கூட்டிவந்தான். வயலை அறுத்துவிட்டார்கள். தாள்தான் நிற்கிறது, கடையில் அந்தப் பெண்ணைத் தவிர ஆளே இல்லை. அந்தப் பெண் பாவம், உங்கள் பிள்ளை இங்கே இருக்கிறான் என்று அவளிடம் ஏன் சொல்லாமல் வந்தீர்கள்? தெரிந்திருந்தால் ஒரு வாய் சோறாவது வைத்திருப்பாள். யாரும் வைக்காமல், இந்த மண்ணின் தெய்வத்துக்கும் வேற்றாளாக, என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறான்.

அவன் இஷ்டப்படி விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை எப்போது கேட்டீர்கள்? அன்று போ என்றீர்கள். இப்போது இரு என்றீர்கள். இரண்டுமே உங்கள் இஷ்டம்தான்.

நான் கேட்டேன். சோறும் பொரித்த மீனும் வைத்தேன். ஊதுபத்தி பாதி எரிந்ததும் காசைக் கையில் எடுத்தேன். தலை விழுந்தால் சரி, பூ விழுந்தால் மாட்டேன். அம்மாவோடு திராங் வருகிறாயா என்று முதலில் கேட்டேன். அவன் வருவான் என்றுதான் அக்கா வீட்டில் இடம்கூட ஒழித்துவைத்துவிட்டு வந்திருந்தேன். பூ விழுந்தது. மறுபடியும் போட்டேன். பூ. இங்கேயே இருக்கிறாயா என்று கேட்டேன். அதற்கும் பூ.

அப்பாவிடம் போகிறாயா என்று கேட்க எனக்கு மனசே இல்லை. அந்தப் பெண்தான், "கேட்டுடுங்கம்மா, அவரு எப்பவும் அவங்கப்பா பேச்சுதான் பேசுவாரு" என்றாள். கேட்டேன். தலை விழுந்தது. நம்பாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்றும் தலை.

நான் உங்களை விட்டுப் போனது அவனுக்காகத்தான். அவனோ உங்களிடமே வர வேண்டும் என்கிறான்.

நாளை மறுநாள் அவனை அங்கே கொண்டுவருகிறேன். இந்தக் கடிதத்தைப் பிச்சித் போகும் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், எங்களுக்கு முன்னால் வந்துவிடும். வீட்டுக் காவல் தெய்வத்துக்கு மாலை போட்டு, பையன் வருகிறான், தடுக்காதே என்று சொல்லிவையுங்கள். பாலங்களில் நான் கூப்பிட்டுக்கொள்வேன். அந்தப் பெண் எடுத்துவைத்திருந்த சட்டையை வாசல் தூணில் மாட்டிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே ரயிலடிக்குப் போய்விடுவேன். என்னை உள்ளே கூப்பிடாதீர்கள்.

அவனைக் கூப்பிடுங்கள். வாசல் மிதிக்காதே என்று சொன்னவர் நீங்கள். வேறு யார் கூப்பிட்டாலும் அவன் உள்ளே வரமாட்டான்.

பிரணோம்