அதிருது என்று சொன்னேன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

பேப்பரில் வந்த என் படத்தை அத்தை தெருவெல்லாம் காட்டினார்களாமே. எனக்குத்தான் அதைப் பார்க்கவே கூசுகிறது.

அன்று புது ஹெலிகாப்டரைச் சோதனைக்கு எடுத்துப்போனேன். நடுவானில் பாப்பா முகம் நினைவுக்கு வர, பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. உடனே இறங்கி, “மேல் விசிறி அதிருது” என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால், விசிறித் தண்டில் நிஜமாகவே விரிசல்!

தலைமை இன்ஜினியரிடம், “சார், நான் பயந்துதான் இறங்கினேன்” என்றேன்.

“உங்களுக்கு ரொம்பத்தான் தன்னடக்கம்” என்று சிரித்துவிட்டு, விருதுக்கு என் பெயரை அனுப்பிவிட்டார்.

நாளை மறுபடி பறக்க வேண்டும். என்னை நம்பி ஒரு இளம் விமானி பக்கத்தில் உட்காரப்போகிறான். நான் பயந்ததை நீயாவது நம்புவாயா?

உன்னவன்