மாத்திரை அட்டையின் மறுபாதி

முதலில் என்னை மன்னித்துவிடு. மூன்று வரிக்கு மேல் எழுதினால் நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். "கதை எழுதாத. எந்த மாத்திரை, இன்னாத்துக்கு, அத மட்டும் சொல்லு" என்பாய். இருந்தபோதே உனக்குப் பிடிக்காத நீளத்தில், நீ இல்லாதபோது எழுதுகிறேன். இதை எங்கே அனுப்புவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்று எனக்குக் காய்ச்சல். விடுதிக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டி என் பக்கம் தள்ளினார். பெயர் இருந்த பாதி அவரிடமே தங்கிவிட்டது. என் கைக்கு வந்தது வெறும் வெள்ளித்தாள். ஓரத்தில் ஏதோ எழுத்துகளின் வால் மட்டும் தெரிந்தது. பெயர் இருக்கிற பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆனால் அந்தக் கத்தரிக்கோல் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. மாத்திரையைப் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது மலையடிவாரத்தில், ஒடுகத்தூரில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். ஆள் சேரவில்லை. நெல்லிவாசலுக்கு இன்னும் நாலு பேர் வந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். பள்ளி விடுதியில் ஒரே பாயில் படுத்த நாம் அன்றுதான் நெடுநாளைக்குப் பிறகு அருகருகே உட்கார்ந்தோம். நீ பிளஸ் டூவோடு நின்று, கல்யாணமாகி, மலையில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாய். நான் வேதியியல் படித்து, எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற பெயரோடு சென்னைக்குப் போயிருந்தேன். ஆபீசில் என்ன வேலை என்று நீ கேட்டாய்.

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். உலகத்தில் எங்கோ ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு மருந்தைப் பற்றித் தேடுவார். அந்த மருந்துக்கு வேதியியல் பெயர் ஒன்று இருக்கும். ஆய்வுக்கூடத்தில் வைத்த குறியீடு ஒன்று இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு பெயர் வைத்து விற்கும். அவர் எந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அதற்காக நாங்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அந்தப் பொருளின் வடிவத்தை வரைந்து, அதற்கென்று ஒரே ஓர் எண் கொடுத்து, எல்லாப் பெயர்களையும் அந்த எண்ணின் கீழே சேர்த்துவைக்கிறோம். அது உடம்பில் என்ன செய்யும், யாருக்கு ஆகாது என்பதையும் அங்கேயே எழுதிவைக்கிறோம்.

"பேர எழுதி வைக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்றாய். "நம்ம ஊர்ல ஒரே பொம்பளைக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, அம்மா வூட்ல ஒரு பேரு, மாமியார் வூட்ல ஒரு பேரு. அதுக்கும் ஒரு கம்பெனி வைடி, நானும் வந்து உக்காந்துக்கறேன்."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையைத் திறந்து, கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாய். அதில் நான்கு எழுத்துகள் மட்டும் மிச்சமிருந்தன.

"அப்ப இது எதுன்னு சொல்லு பாக்கலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மலையில் எல்லார் வீட்டிலும் இந்தத் துண்டுகள் இருந்தன. கூரைச் செருகலில், புகையிலைப் பையில், சாமி படத்துக்குப் பின்னால். ஒடுகத்தூரில் வாங்கியது, கண்ணமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போனபோது வாங்கியது, யாரோ மிச்சம் வைத்துக் கொடுத்தது. பெயர் ஒரு பாதியில், மாத்திரை ஒரு பாதியில். நீ துண்டைப் படம் எடுத்துக்கொண்டு, தண்ணித்தொட்டி வளைவு வரை ஏறி வந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்புவாய். நான் சாப்பாட்டு நேரத்தில் எழுத்தையும் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத் தேடிச் சொல்வேன். ஒவ்வொரு படத்திலும் அட்டையைப் பிடித்திருக்கும் உன் கட்டைவிரல் இருக்கும். நகச்சாயம் பாதி உரிந்த கட்டைவிரல். அதைத் தள்ளிப் பிடியேன், எழுத்து மறைகிறது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீ கேட்கவே இல்லை.

நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பேன். அதற்கு ஜீப் வேண்டும், ஜீப்புக்கு ஆள் சேர வேண்டும், எது என்று தெரிந்தால்தான் போவதா வேண்டாமா என்று சொல்ல முடியும் என்பாய். ஒரு பெரியவர் தலைசுற்றி விழுந்துகொண்டே இருந்தாரே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையும் கடையில் வாங்கிய மாத்திரையும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்து. மலைக்கு வரும் நர்ஸம்மாவிடம் சொல்லி ஒன்றை நிறுத்தியதும் எழுந்து நடந்தார். அதற்குக் கூலியாக எனக்குச் சீத்தாப்பழம் கொடுத்தனுப்பினாய். சென்னைக்கு வந்து சேர்ந்தபோது பை முழுக்கக் கூழும் கொட்டையுமாக இருந்தது. அதையும் ஸ்பூனால் தின்றேன்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை உன்னிடம், "யாருக்குடி?" என்று கேட்டுவிட்டேன். வெறும் ஆர்வம்தான்.

"அத மட்டும் கேக்காத. எதுன்னு கேட்டா நீ சொல்லு. யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாய்.

கோபமில்லாமல்தான் சொன்னாய். ஆனால் அதன் பிறகு நான் கேட்டதில்லை. மலையில் சில நோய்களை யாரும் வெளியே சொல்வதில்லை என்று எனக்கும் தெரியும். வலிப்பு இருக்கிற பெண் என்று தெரிந்தால் கல்யாணம் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் பின்பக்கமாக வந்து உன் கையில் அட்டைத் துண்டைத் திணித்துவிட்டுப் போனார்கள்.

மழைக்காலத்தில், மருந்துப்பையோடு இறங்கி வரும்போது மலைப்பாதையில் வண்டி சறுக்கி நீ போய்விட்டாய். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. வந்தேன், பார்த்தேன், திரும்பினேன். உன் கட்டைவிரலைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஆபீசில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். செல்லில் உன் பெயர் வந்தது. அட்டைத் துண்டின் படம், அதே கட்டைவிரல். கூடவே உன் குரல்.

"இது வயித்துல இருக்கறவங்க சாப்டலாமா? சீக்கிரம் பாத்து சொல்லுடி. நாள் தள்ளிப்போய் ரொம்ப நாள் ஆவல."

பிறகுதான் தெரிந்தது. நீ வீட்டிலிருந்தே அனுப்பியிருக்கிறாய். சிக்னல் இல்லாமல் அது உன் செல்லிலேயே நின்றிருக்கிறது. மறுநாள் வளைவுக்கு ஏறும்போது தானாகப் போய்விடும் என்று விட்டிருப்பாய். அந்த மறுநாள்தான் மழை, தொட்டி வரை நீ ஏறவே இல்லை. உன் வீட்டுக்காரர் ஏதோ நம்பர் எடுப்பதற்காகச் செல்லுக்குச் சார்ஜ் போட்டு, தொட்டி வளைவுக்கு எடுத்து வந்தபோது அது கிளம்பி என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தேடினேன். கை பழகிப்போயிருந்தது. எழுத்துகளைப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. வலிப்புக்கான மாத்திரை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சாப்பிட்டால் பிள்ளையைக் கெடுக்கும். முதல் மாதங்களில்தான் ஆபத்து அதிகம். ஆனால் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கே ஆபத்து. டாக்டர்தான் பார்த்து வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் எழுதிவைத்திருக்கிறது. எங்களைப் போல யாரோ உட்கார்ந்து படித்து, சரிபார்த்து, எண் போட்டு எழுதிய தகவல். "நல்லதில்ல. ஆனா நிறுத்தச் சொல்லாத. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று உனக்குப் பதில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அதற்குள் செல்லை மறுபடி அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பதில் ஒற்றை டிக்கோடு இன்னும் அப்படியே நிற்கிறது.

லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்தேன். உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன். வாசலில் நின்றபடியே சொன்னார்: "எங்கிட்டயே சொல்ல மாட்டாம்மா. சொல்றவளா இருந்தா, அவகிட்ட வந்து யாரு சொல்வாங்க?"

நர்ஸம்மாவின் பதிவில் கர்ப்பிணிகள் இருந்தார்கள். யாருக்கும் வலிப்பு என்று எழுதியிருக்கவில்லை. நாள் தள்ளிப்போனதை இன்னும் சொல்லாதவர்களின் பெயர் அதில் இருக்கவும் வழியில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"சொல்லிட்டா, பயந்துட்டு ஒரே நாள்ல நிறுத்துவா. அடுப்பாண்ட நிக்கறப்ப வலிப்பு வந்தா இன்னாம்மா பண்றது?"

இருவரும் இரண்டு நாள் வீடு வீடாக நடந்தோம். நான் யாரிடமும் நிமிர்ந்து பேசத் தெரியாதவள். அந்த இரண்டு நாளும் பேசினேன். எல்லா வீட்டிலும் மாமியார்தான் பதில் சொன்னார். ஒரு வீட்டில், "எங்க மருமவளுக்கு இன்னா கேடு? மாத்திரை கீத்திரைன்னு எதனா எழுதி வச்சுட்டுப் போய்டாதீங்க" என்றார். அவர் உள்ளே போன நேரம் பார்த்து அந்த மருமகள் என்னிடம், "அந்த அக்காகூடப் படிச்சவங்களா நீங்க?" என்று கேட்டாள். இவள்தான் என்று நினைத்தேன். ஆமாம், எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம் என்றேன். "இனிமே அவங்க வேலைக்கு யாரு வருவாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வீட்டிலும் ஒருத்தி அதையே கேட்டாள். அதற்கடுத்த வீட்டிலும்தான். கடைசியில் எல்லாரும் அவளாகத் தெரிந்தார்கள்.

மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவர்கள் நர்ஸம்மாவிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தோம். யாரும் வரவில்லை. ஒடுகத்தூர் மருந்துக்கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, இப்படி வெட்டித் தினமும் எத்தனையோ பேருக்குக் கொடுக்கிறோம், யார் என்று எங்கே நினைவு வைப்பது என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் 'தகவல் இல்லை' என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் யாருமே தேடவில்லை என்று பொருள். முன்பெல்லாம் அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்போது அதைத் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு தடவையும் கை நிற்கிறது. அவள் விஷயத்தில் தகவல் இருக்கிறது. என்ன மாத்திரை, என்ன செய்யும், என்ன செய்ய வேண்டும், எல்லாம் என் கையில் இருக்கிறது. அவள் மட்டும் இல்லை.

முதல் மாதங்கள் எப்போதோ கடந்துவிட்டன. இனித் தெரிந்தாலும் நடந்தது நடந்ததுதான். ஆனாலும் அவள் இன்றும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை பிறந்து ஏதாவது குறையிருந்தால் சாமி குத்தம் என்பார்கள், அவள் ராசி என்பார்கள். அடுத்த பிள்ளைக்கும் அதே மாத்திரைதான். நீ இருந்தால் சாயங்காலத்துக்குள் அவளை ஜீப்பில் ஏற்றியிருப்பாய்.

உன் விரல் இருக்கும் அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. பஸ்ஸில் பார்க்கிறேன், சாப்பிடும்போது பார்க்கிறேன். உன் விரலுக்குப் பின்னால், ஓரத்தில் கொஞ்சம் சாணம் மெழுகிய தரை தெரிகிறது. மலையில் எந்த வீட்டுத் தரை அப்படி இல்லை?

நீ சொன்னதை நான் இத்தனை நாளும் மீறியதில்லை. உன் படமும் குரலும் வந்த பிறகுகூட உன் வீட்டுக்காரரையும் நர்ஸம்மாவையும்தான் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பெயர் வேண்டாம். எந்தப் பெயரைச் சொன்னாலும் அவளுக்கு இன்னும் இரண்டு பெயர் இருக்கும். எந்த வீடு என்று சொன்னால் போதும், வாசலில் என்ன மரம் நிற்கிறது என்றாவது சொல். இந்த ஒரு தடவை மட்டும் என்னைத் திட்டாமல் சொல்லிவிடு.

யாருக்குடி?