கொடிக்கு வைத்த பெயர்

அடையாறு
3.2.2025

அன்புள்ள நாஸியா,

நீ வரைந்த படங்கள் வந்து சேர்ந்தன. பாபநாசம் மலையில் நான் எடுத்து வந்த கொடி புது இனம்தான். எங்கள் தாவரவியல் துறைத் தலைவர் சித்தார்த்தன் சாரும் ஒப்புக்கொண்டார். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். கொடிக்கு உன் பெயரையே வைத்துவிட்டோம், லத்தீனில் ‘நாஸியே’. சந்தோஷம்தானே? காயைக் குறுக்கே வெட்டிய படம் மட்டும் பாக்கி. இருபதாம் தேதிக்குள் வேண்டும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் மஹதி

திருவல்லிக்கேணி
8.2.2025

அன்பு மஹதி,

இங்கே எல்லோரும் நலம். பெயர் விஷயத்தை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கட்டுரையைப் படித்தேன்.

இலைக்காம்பில் இரண்டு சுரப்பிக்குப் பதில் நான்கு இருப்பதால்தான் இது புது இனம் என்று எழுதியிருக்கிறாய். நவம்பரில் நான் அதைச் சொன்னபோது, “இருக்காதுடி, பூச்சி கடிச்ச தழும்பா இருக்கும்” என்றாய். பதினொரு இலைகளை ஊறவைத்து, லென்ஸில் பார்த்த பிறகே வரைந்தேன். கட்டுரை ஆசிரியர்கள் நீயும் சாரும். நான் கடைசியில், நன்றியில்.

“செடிக்கு உம் பேரு கீது. கண்டுபிடிச்சவங்கள்ல நீ எங்க, அக்கா?” என்று தம்பி சைஃப் கேட்டான். என்னையும் ஆசிரியராகச் சேர்.

நாஸியா

அடையாறு
13.2.2025

அன்புள்ள நாஸியா,

சாரிடம் கேட்டேன். “படம் போடறவங்களை எல்லாம் சேர்த்தா எங்க போய் நிக்கும்?” என்கிறார். நீ ஆசிரியரானால் கொடிக்கு உன் பெயரும் இருக்காது; தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. யோசித்துப் பார். அடுத்த மாதம் என் பதவி உயர்வு நேர்காணல். அதற்குள் கட்டுரை ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் படத்தை அனுப்பு.

மஹதி

திருவல்லிக்கேணி
17.2.2025

மஹதிக்கு,

காயின் படம் இத்துடன். கொடி சரியாகப் பதிவாக வேண்டும், அதற்காக அனுப்புகிறேன். என் பெயரைக் கொடியிலிருந்து எடுத்துவிடு. இனி வேறு யாரையாவது வரையச் சொல்.

நாஸியா

அடையாறு
2.4.2025

அன்புள்ள நாஸியா,

உன் கடிதத்தைச் சாரிடம் படித்துக் காட்டினேன். “முதல்ல பார்த்தது அவதான் சார். நான் இல்லைன்னு சொன்னேன்” என்றேன். ஒரு வாரம் கழித்து, “மாத்தி எழுதிக் கொண்டா” என்றார்.

இதழுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்று, மூன்று பேர் பெயரில் எழுதிவிட்டேன். உன் பெயர் முதலில். கொடிக்கு, நான்கு சுரப்பி உடையது என்று பொருள்படும் லத்தீன் பெயர். பிடிக்காவிட்டால் மாற்றலாம், உனக்கும் அந்த உரிமை உண்டு. நேர்காணலுக்குக் கட்டுரை இல்லாமல்தான் போனேன், பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஆசிரியர் படிவத்தை நேற்று நிரப்ப உட்கார்ந்தேன். எட்டு வருஷமாக எனக்கு வரைகிறாய். உன் முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீயே எழுது.

மஹதி